பழைய பெரிய வீட்டுக்கு மும்முனை இணைப்பும் புதிய ஃபியூஸ் போர்டும்: உள் வயரிங்கைத் தொடாமல் விடலாமா?

4 ஜூன், இரவு 9.10

நேரே கேள்விக்கு வருகிறேன். தாத்தா கட்டிய வீடு. இரண்டு தளம், பதினொரு அறை, எழுபது வயது. ஒருமுனை இணைப்பு, மெயின் ஃபியூஸ் 40 ஆம்பியர். போன மாதம் அந்த மெயின் ஃபியூஸ் இரண்டு முறை எரிந்துவிட்டது. இரண்டு முறையும் இரவு நேரம், மூன்று ஏசியும் ஓடிக்கொண்டிருந்தன, யாரோ குளிக்க ஹீட்டரைப் போட்டிருக்கிறார்கள்.

40 ஆம்பியரை 230 வோல்ட்டால் பெருக்கினால் 9.2 கிலோவாட். வீட்டில் இருப்பவை: ஹீட்டர் மூன்று, தலா 2 கிலோவாட். ஏசி மூன்று, தலா 1.5. இண்டக்‌ஷன் அடுப்பு 2. தண்ணீர் மோட்டார் முக்கால். கூட்டினால் 13.25. தங்கை மின்சாரக் கார் வாங்கப்போகிறாள், அதன் சார்ஜர் 7.4. ஆக மொத்தம் 20.65 கிலோவாட். இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல்.

அதனால் மும்முனைக்கு மாறிவிட்டு, பழைய ஃபியூஸ் போர்டைக் கழற்றி எம்சிபி (மின்னோட்டம் அளவை மீறினால் தானே விழுந்து துண்டிக்கும் சுவிட்ச்) போர்டு வைக்கலாம் என்று இருக்கிறேன். எலெக்ட்ரீசியன் சொல்வது: "மீட்டரும் போர்டும் மாறினால் போதும். ஓடிக்கொண்டிருக்கிற வயரைத் தொட்டால்தான் தொல்லை ஆரம்பிக்கும்." எனக்கும் அது சரியென்றே படுகிறது. எழுபது வருடம் ஓடிய வயர் இனிமேலா ஓடாமல் போய்விடும்? இப்படிச் செய்து பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

4 ஜூன், இரவு 11.50

போர்டு எப்படி இருக்கிறது என்று கேட்டவர்களுக்கு. மாடிப்படிக்கு அடியில் ஒரு தேக்குப் பலகை. அதில் பதினாறு பீங்கான் ஃபியூஸ் கட்டைகள், எட்டெட்டாக இரண்டு வரிசை. மேல் வரிசையில் சிவப்புப் புள்ளி, கீழ் வரிசையில் கறுப்புப் புள்ளி. மெயினை அணைத்துவிட்டு இரண்டு கட்டைகளை உருவிப் பார்த்தேன். ஒன்றில் கம்பி தலைமுடி போல மெலிதாக இருக்கிறது. பக்கத்துக் கட்டையில் வேலிக்கம்பி போலத் தடிமனாக இருக்கிறது. எது எந்த அறைக்கு என்று எழுதி ஒட்டியிருந்த காகிதத்தைக் கரையான் அரித்துவிட்டது.

எட்டு சர்க்யூட். பதினொரு அறைக்கு எட்டே சர்க்யூட்.

5 ஜூன்

"ஃபியூஸில் கொஞ்சம் தடித்த கம்பியாகக் கட்டுங்கள், தீர்ந்தது பிரச்சினை" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறீர்கள். இதைப் படிக்கும் யாரும் தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

ஃபியூஸ் காப்பது ஹீட்டரை அல்ல, சுவருக்குள் போகும் வயரை. செம்புக் கம்பி எத்தனை ஆம்பியரில் உருகும் என்பதற்கு பிரீஸ் என்பவர் 19ஆம் நூற்றாண்டிலேயே ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார். விட்டம் 0.5 மில்லிமீட்டர் என்றால் ஏறத்தாழ 28 ஆம்பியர். 1 மில்லிமீட்டர் என்றால் ஏறத்தாழ 80. கம்பியின் விட்டம் இரண்டு மடங்கானால் காவல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு தளர்ந்துவிடுகிறது. வயரின் சூடோ மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பின்பற்றி ஏறுகிறது: 16 ஆம்பியர் 32 ஆனால் சூடு நான்கு மடங்கு. எங்கள் வேலிக்கம்பிக் கட்டையிலிருந்து புறப்படுவது 1.5 சதுர மில்லிமீட்டர் அளவுள்ள வயர்தான். அது தாங்குவது 15 முதல் 17 ஆம்பியர் வரை. 80இல் உருகும் கம்பி அதற்கு எப்படிக் காவல் ஆகும்?

யார் கட்டியது என்று அம்மாவைக் கேட்டேன். "அப்பாதான். அடிக்கடி போகிறதே என்று கட்டினார்" என்றார். அந்தக் கட்டை எந்த அறைக்குப் போகிறது என்று ஒவ்வொரு விளக்காகப் போட்டுப் பார்த்தேன். அம்மா படுக்கும் அறைக்குப் போகிறது. அந்தக் கம்பியை நேற்றிரவே மாற்றியிருக்க வேண்டும். இப்போது மாற்றிவிட்டேன்.

6 ஜூன், காலை

ஒருவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. மூன்று ஏசி, ஒரு ஹீட்டர்: 6.5 கிலோவாட், அதாவது 28 ஆம்பியர். கம்பி கட்டும் வகை ஃபியூஸ் தன் அளவைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கில்தான் உருகும். 40 ஆம்பியர் ஃபியூஸ் 28இல் ஏன் எரிந்தது?

முதல் பதிவில் இந்தக் கூட்டலை நான் செய்யவே இல்லை. வீட்டில் இருக்கும் எல்லாவற்றையும் கூட்டினேன், அந்த இரவில் ஓடியவற்றை மட்டும் கூட்டவில்லை.

6 ஜூன், மாலை

எலெக்ட்ரீசியனை வரவழைத்து மெயின் பெட்டியைத் திறந்து பார்த்தோம். (மெயின் சுவிட்சை அணைத்தாலும் மீட்டரிலிருந்து வரும் முனைகளில் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். நீங்களே திறக்க வேண்டாம்.) ஃபியூஸ் கட்டையைக் கவ்வும் பித்தளைத் தகட்டில் ஒரு பக்கம் பளபளப்பாக இருந்தது. மறுபக்கம் கருகி, விரலால் தொட்டாலே அசைந்தது. அதைச் சுற்றிப் பீங்கானில் பழுப்பு வளையம். பிடி தளர்ந்த இடத்தில் தடை கூடியிருக்கிறது, தடையில் சூடு பிறந்திருக்கிறது, அந்தச் சூட்டில் ஃபியூஸ் கம்பி தன் அளவுக்கு முன்னாலேயே அறுந்திருக்கிறது.

ஆக, மின்சாரம் போதாமல் ஃபியூஸ் போகவில்லை. இணைப்பைப் பெரிதாக்க நான் சொன்ன முதல் காரணமே தவறு. கார் சார்ஜருக்காக மும்முனை இன்னும் வேண்டியிருக்கிறது, அது வேறு கணக்கு. ஆனால் "மின்சாரத்தைக் கூட்டினால் வீடு சரியாகிவிடும்" என்ற என் நம்பிக்கை இன்று மாலை ஆட்டம் கண்டுவிட்டது.

7 ஜூன்

கறுப்புப் புள்ளி வரிசை என்னவென்று இன்றுதான் புரிந்தது. அது நியூட்ரலுக்கும், அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் கம்பிக்கும், ஃபியூஸ். அந்தக் காலத்தில் இரண்டு கம்பியிலும் ஃபியூஸ் வைத்திருக்கிறார்கள்.

இதில் உள்ள ஆபத்து இது. நியூட்ரல் பக்கத்து ஃபியூஸ் மட்டும் அறுந்தால் விளக்கு அணைந்துவிடும். நாம் மின்சாரம் இல்லை என்று எண்ணிக்கொள்வோம். மின்சாரம் வரும் ஃபேஸ் கம்பியோ ஹோல்டர் வரை உயிரோடு நிற்கும். பொருட்கள் வைக்கும் அறையில் விளக்கு எரியவில்லை என்று அப்பா ஸ்டூல் போட்டு ஏறி, அதிர்ச்சி வாங்கிக் கீழே விழுந்தது நான் ஏழாம் வகுப்பில் படித்தபோது. "அணைந்த விளக்கு எப்படி அடிக்கும்?" என்று அவர் பல நாள் கேட்டுக்கொண்டிருந்தார். இன்று அதே கட்டையை உருவிவிட்டு, அதே ஹோல்டரில் டெஸ்டரை வைத்தேன். எரிந்தது. அவருக்கு இதைச் சொல்ல வழியில்லாமல் போய்விட்டது.

8 ஜூன்

இருபதரை கிலோவாட் வேண்டும் என்று எழுதியதைத் திருத்துகிறேன். எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுவதில்லை. ஹீட்டர் இருபது நிமிடம் ஓடினால் தண்ணீர் சூடாகித் தானே நின்றுவிடும். ஏசி அறை குளிர்ந்ததும் தணிந்துவிடும். காரை நள்ளிரவுக்குப் பிறகு ஏற்றலாம். ஒரு வாரம் மீட்டரைக் கணக்கெடுத்துப் பார்க்கச் சொன்னீர்கள். செய்கிறேன்.

11 ஜூன்

இது நீளமாக இருக்கும்.

வேறு ஒரு எலெக்ட்ரீசியனை அழைத்தேன். எழுபதை நெருங்கும் பெரியவர். வந்ததும் போர்டைப் பார்க்கவில்லை. "தம்பி, முதலில் ஒரு சீலிங் ரோஸைத் திறக்கலாம்" என்றார். கூரையில் விளக்கு வயர் இறங்கும் இடத்தில் உள்ள சின்ன வட்டப் பெட்டி அது. மாடி அறையில் ஏணி போட்டு மூடியைத் திருகி எடுத்தார். உள்ளே இரண்டு வயர். மேலே பருத்தி நூல் பின்னல், அதன் உள்ளே ரப்பர் உறை. ஒன்றைப் பேனாவின் முனையால் மெல்லத் தொட்டார். ரப்பர் கறுப்புப் பொடியாக உதிர்ந்து என் முகத்தில் விழுந்தது. பொடி நின்றபோது கட்டைவிரல் நீளத்துக்கு வெறும் கம்பி தெரிந்தது. அதற்கு அரை அங்குலம் தள்ளி மற்ற வயர்.

கம்பி வெள்ளி நிறத்தில் இருந்ததால் அலுமினியமா என்று கேட்டேன். இல்லை, வெள்ளீயம் பூசிய செம்பு என்றார். ரப்பரைப் பதப்படுத்தக் கந்தகம் சேர்ப்பார்களாம், அது செம்பை அரிக்காமலிருக்க வெள்ளீயப் பூச்சு. கம்பி இன்னும் புதிது போலத்தான் இருக்கிறது. போனது உறை. எழுபது வருடமாக விளக்கின் சூட்டிலேயே காய்ந்து போயிருக்கிறது.

பிறகு மெகர் எடுத்தார். 500 வோல்ட் கொடுத்து உறையின் வழியே எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் கருவி. குறைந்தது 1 மெகாஓம் காட்ட வேண்டும். மாடியின் முதல் சர்க்யூட் சுழியம் காட்டியது. எனக்கு நெஞ்சு அடைத்தது. அவர் அமைதியாக, "எங்கோ ஒரு பல்பைக் கழற்றவில்லை" என்றார். உண்மைதான், குளியலறையில் ஒன்று இருந்தது. கழற்றிவிட்டுப் பார்த்தால் 0.08. அம்மா அறை 0.03. எட்டு சர்க்யூட்டில் ஒன்றே ஒன்றுதான் தேறியது. பிற்பாடு கட்டிய கழிவறைக்குப் போகும் பிவிசி வயர் அது.

நான்காம் தேதி எழுதிய கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. எழுபது வருடம் ஓடிய வயர் இனியும் ஓடும் என்பதற்கு அது ஓடியதே சான்று ஆகாது. அசையாமல் இருந்ததால் ஓடியது. புதிய போர்டை மாட்டுவதற்காக அந்த வயர் முனைகளை வளைத்தால் போதும், மொத்தமும் உதிர்ந்துவிடும்.

12 ஜூன்

"அசைக்காமல் விட்டால் ரப்பர் வயர் இன்னும் பத்து வருடம் வரும்" என்று எழுதியவருக்கு: கூரையில் எலி ஓடும்போது அசைக்காமல் ஓடு என்று யார் சொல்வது?

அலுமினிய வயர் உள்ள வீட்டுக்காரர்களும் கேட்டிருந்தீர்கள். 1960களிலும் 70களிலும் பல நாடுகளில் அதைப் போட்டிருக்கிறார்கள். அங்கே கோளாறு உறையில் அல்ல, முனைகளில். அலுமினியம் திருகின் அழுத்தத்தில் மெல்ல நெகிழ்ந்து கொடுக்கும், மேற்பரப்பில் ஆக்சைடு படியும், பிடி தளரும். அதைச் செம்போடு நேராக முறுக்கிவிடாதீர்கள்.

15 ஜூன்

எர்த் பற்றி. முதல் எலெக்ட்ரீசியன் "எர்த் பிரமாதமாக இருக்கிறது, 5 ஓம்தான்" என்று சொல்லியிருந்தார். பெரியவரும் அளந்தார், 5 ஓம்தான். ஆனால் ஒரு காகிதத்தை எடுத்து எழுதிக் காட்டினார். ஹீட்டரின் உள்ளே ஃபேஸ் கம்பி வெளித் தகட்டில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 230ஐ 5ஆல் வகுத்தால் 46 ஆம்பியர் மண்ணுக்குள் போகும். புது போர்டில் அந்த சர்க்யூட்டுக்கு 32 ஆம்பியர் சி வகை எம்சிபி வைத்திருக்கிறோம் என்றும் வையுங்கள். அது உடனே விழ வேண்டுமானால் ஐந்து முதல் பத்து மடங்கு, அதாவது 160இலிருந்து 320 ஆம்பியர் வரை வேண்டும். 46 என்பது ஒன்றரை மடங்குகூட இல்லை. விழ ஒரு மணி நேரம் ஆகலாம். அவ்வளவு நேரமும் ஹீட்டரின் தகட்டில் ஏறக்குறைய முழு மின்னழுத்தம் நிற்கும். குழாயைத் திறக்கப்போகிறவர் அதைத்தான் தொடுவார்.

"நல்ல எர்த், புது எம்சிபி, இரண்டும் இருந்தும் ஆள் போய்விடுவார் தம்பி" என்றார். இதைக் கேட்டபின் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வழி, ஆர்சிசிபி என்ற மின்கசிவு சுவிட்ச். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லிஆம்பியர் வேறுபட்டால் விழுந்துவிடும். வேறுபாடு அதைப்போல் ஐந்து மடங்கானால் ஒரு விநாடியின் 25இல் ஒரு பங்குக்குள். அதற்கு எர்த் 5 ஓம் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தொடும் தகடு 50 வோல்ட்டைத் தாண்டக் கூடாது என்று கணக்கிட்டால் 1,667 ஓம் வரை போதும். அதற்காக எர்த்தைக் கெடுத்து வைக்கச் சொல்லவில்லை.

நேற்று இதன் வரலாற்றையும் கொஞ்சம் படித்தேன். சிறிய எம்சிபிக்கு ஹியூகோ ஸ்டாட்ஸ் என்ற ஜெர்மானியர் 1924இல் காப்புரிமை பெற்றார். மனித உடலைக் காக்கும் அளவு நுட்பமான கசிவுத் தடுப்பானை கலிஃபோர்னியாவில் பேராசிரியர் சார்லஸ் டால்ஸியல் 1961இல் உருவாக்கினார். எத்தனை மில்லிஆம்பியரில் மனிதனின் கை பிடியை விட முடியாமல் போகிறது என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தவர் அவர். 1961 என்பது எங்கள் வீடு கட்டிய பிறகு.

16 ஜூன்

நேற்று எழுதியதில் இரண்டு திருத்தம்.

முதலாவது. அந்த 46 ஆம்பியர் கணக்கு, வீட்டின் எர்த் குழி ஒன்றை மட்டும் நம்பியிருக்கும் வீடுகளுக்கு. மின்சாரம் தரும் நிறுவனமே உலோகக் கம்பியாக எர்த்தையும் கொண்டுவந்து தரும் இடங்களில் பழுதின் மின்னோட்டம் நூற்றுக்கணக்கான ஆம்பியர் ஆகிவிடும், எம்சிபி உடனே விழும். உங்கள் வீடு எந்த வகை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது. ஆர்சிசிபி இருந்தால் எதையும் தொடலாம் என்பதுபோல் என் எழுத்து தொனித்துவிட்டது. ஒரு கையில் ஃபேஸ், மறு கையில் நியூட்ரல் என்று பிடித்தால் அதற்கு நீங்களும் ஒரு பல்புதான். போனது அப்படியே திரும்பி வருகிறது, அது விழாது. வயரின் அளவுக்கு மேல் சுமை ஏறினாலும் விழாது, அதற்கு எம்சிபிதான் வேண்டும். இரண்டையும் ஒரே உடலில் வைத்த ஆர்சிபிஓ கிடைக்கிறது.

19 ஜூன்

ஒரு வாரக் கணக்கு வந்துவிட்டது. மிக அதிகமாக ஏறியது சனிக்கிழமை காலை, 7.1 கிலோவாட். அதாவது 31 ஆம்பியர். கார் இல்லாவிட்டால் இப்போதுள்ள இணைப்பே போதும்! இருபதரை என்று எழுதியவன் நான்.

காரோடு சேர்த்தால் போதாது. சார்ஜர் ஒன்றே 32 ஆம்பியர் இழுக்கும்.

22 ஜூன்

மும்முனைக்கு விண்ணப்பித்துவிட்டேன். ஒரு முனைக்கு 40 ஆம்பியர், மொத்தம் 27.6 கிலோவாட். ஆனால் மொத்தத்தைப் பார்த்து மகிழ்வதில் பயனில்லை என்று தெரிந்துகொண்டேன். சார்ஜர் ஒருமுனை வகை என்றால் அது இருக்கும் முனையில் 40இல் 32ஐ அதுவே எடுத்துக்கொள்ளும். மீதி 8இல் ஒரு ஹீட்டர்கூட ஓடாது. மற்ற இரண்டு முனைகள் காலியாக இருந்தும் இந்த ஒன்று விழும். எதை எந்த முனையில் வைப்பது என்பதுதான் முழு வேலையும்.

நியூட்ரல் பற்றி ஏழாம் தேதி எழுதினேன். மும்முனையில் அது இன்னும் கடுமை. பொது நியூட்ரல் ஒரு இடத்தில் அறுந்துவிட்டது என்று வையுங்கள். ஒரு முனையில் 2,000 வாட் ஹீட்டர், இன்னொன்றில் 100 வாட் விளக்கு, மூன்றாவதில் ஒன்றும் இல்லை. இரண்டும் 400 வோல்ட்டுக்கு இடையே வரிசையாக மாட்டிக்கொள்ளும். தடைகளைப் போட்டுக் கணக்கிட்டுப் பாருங்கள், விளக்கின் பங்குக்கு ஏறக்குறைய 381 வோல்ட் வரும். 230க்குச் செய்த விளக்கு, தொலைக்காட்சி, கணினி எல்லாம் சில நொடிகளில் போய்விடும். எம்சிபி எதுவும் விழாது, ஏனென்றால் அதிகமானது மின்னழுத்தம். அதனால் நியூட்ரலில் தனியாக ஃபியூஸோ சுவிட்சோ ஒருபோதும் கூடாது. மெயின் சுவிட்ச் மூன்று முனைகளையும் நியூட்ரலையும் சேர்த்து அணைப்பதாக இருக்க வேண்டும். மின்னழுத்தம் ஏறினாலோ இறங்கினாலோ துண்டிக்கும் ரிலே ஒன்றையும் பெரியவர் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்.

அறைகளைப் பிரிப்பதில் அவருக்கும் எனக்கும் வாதம். அறைக்கு ஒரு முனை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தால் சுமை சமமாகும் என்றேன். மறுத்துவிட்டார். ஒரே சுவிட்ச் பெட்டிக்குள் இரண்டு முனை வந்துவிட்டால் விரல் இடைவெளியில் 400 வோல்ட் நிற்கும், பின்னால் பழுது பார்க்க வருகிறவருக்கு அது தெரியாது. கீழ்த்தளம் ஒரு முனை, மாடி ஒரு முனை, காரும் மோட்டாரும் ஒரு முனை என்று முடிவு செய்தோம். அவர் சொன்னதுதான் சரி.

மாடிக்குத் தனி போர்டு. கீழிருந்து அதற்கு 30 மீட்டர். 10 சதுர மில்லிமீட்டர் செம்பு என்றால் 40 ஆம்பியரில் 4.4 வோல்ட் இழப்பு. பரவாயில்லை. ஒவ்வொரு மாடி அறைக்கும் கீழிருந்தே 2.5இல் தனித்தனியாக இழுத்திருந்தால் 25 மீட்டரில் 20 ஆம்பியருக்கே 7.4 வோல்ட் போயிருக்கும்.

3 ஜூலை

வேலை தொடங்கிவிட்டது. வீடு முழுவதும் சுவரில் காடி. அம்மா பக்கத்து வீட்டில் இருக்கிறார்.

ஒரு எச்சரிக்கை. பழைய ஃபியூஸ் கட்டைகளில் சிலவற்றின் உள்ளே வெண்சாம்பல் நிறத்தில் நூல் திரி அல்லது அட்டை போல ஒன்று இருக்கும். கம்பி உருகும் பொறியைத் தடுக்க வைத்த கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) அது. தூசியாகி நுரையீரலில் போனால் புற்றுநோய் வரை கொண்டுபோகும். சுரண்டாதீர்கள், ஊதாதீர்கள், பெருக்காதீர்கள். நாங்கள் நனைத்து, பையில் கட்டி, உரியவர்களிடம் ஒப்படைத்தோம்.

வயர் ஓடிய பழைய மரச்சட்டங்களைப் பெயர்த்தபோது அவற்றின் நேர்த்தியைப் பார்த்து வருத்தமாக இருந்தது. மூலை திரும்பும் இடத்தில் மரத்தை 45 பாகையில் அறுத்து, இடைவெளி தெரியாமல் பொருத்தியிருக்கிறார்கள். அந்த வேலையில் குறை ஒன்றும் இல்லை. ரப்பருக்கு ஆயுள் அவ்வளவுதான்.

9 ஜூலை

புது போர்டு உயிர் பெற்றது. சந்தோஷம் இருட்டும் வரைதான். மாடிப்படி விளக்கைப் போட்டதும் கீழ்த்தளத்து ஆர்சிசிபி விழுகிறது. தூக்கிவிட்டால் நிற்கிறது. மறுபடி மாடிப்படி விளக்கு, மறுபடி விழுகிறது. அது 9 வாட் எல்இடி. அதைவிடப் பெரியவை எல்லாம் ஓடுகின்றன, இது மட்டும் ஏன்?

9 ஜூலை, நள்ளிரவு

கண்டுபிடித்துவிட்டேன்! மாடிப்படி வயர் மட்டும் புதிதாக இழுக்கப்படவில்லை. கழிவறைக்குப் போட்ட அதே பிவிசிதான் அங்கும் இருந்தது, மெகரும் தேறியது, அதனால் விட்டுவைத்தோம். படியின் கீழும் மேலும் சுவிட்ச் உள்ள விளக்கு அது. ஃபேஸ் கீழ்த்தளத்திலிருந்து வருகிறது. நியூட்ரலை அந்தக் காலத்தில் யாரோ பக்கத்தில் இருந்த மாடி சர்க்யூட்டிலிருந்து இரவல் வாங்கியிருக்கிறார்கள். கீழ் ஆர்சிசிபியின் வழியே போனது மாடி வழியே திரும்புகிறது. 9ஐ 230ஆல் வகுத்தால் 39 மில்லிஆம்பியர். 30ஐத் தாண்டிவிட்டது. அதன் பார்வைக்கு இது கசிவேதான்.

எத்தனை வருடமாக அது அப்படி இருந்ததோ. மாடி ஃபியூஸை உருவிவிட்டு மாடியில் வேலை செய்த எத்தனை பேர், விளக்கு வழியே திரும்பி வந்த மின்சாரத்துக்கு அருகில் கை வைத்தார்களோ. பழைய போர்டு இதை ஒருநாளும் சொல்லவில்லை.

10 ஜூலை

சரிசெய்தாகிவிட்டது. ஃபேஸ் வந்த சர்க்யூட்டிலிருந்தே நியூட்ரலும். பெரியவர் ஒவ்வொரு முறையும் டெஸ்டரை முதலில் மின்சாரம் உள்ள ஒரு பிளக்கில் வைத்துப் பார்த்தார், பிறகு வேலை செய்யும் இடத்தில், பிறகு மறுபடி அதே பிளக்கில். டெஸ்டரே இடையில் செத்துப்போயிருந்தால் எல்லா வயரும் செத்ததாகத்தான் காட்டும். நான் இதுவரை ஒரு முறைதான் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

21 ஜூலை

பத்து நாளில் வந்த சில்லறைகள்.

கீழ் குளியலறை ஹீட்டர் பத்து நிமிடம் ஓடியதும் ஆர்சிசிபி விழுந்தது. ஹீட்டரின் வெப்பக் கம்பிக்குள் ஈரம் இறங்கியிருந்தது. பழைய போர்டில் மாதக்கணக்கில் அப்படியே குளித்திருக்கிறோம். அது விழும்போது தளம் முழுவதும் இருட்டானதால், குளியலறைகளுக்கு மட்டும் தனித்தனி ஆர்சிபிஓ ஆக்கிக்கொண்டோம். முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

ஏசி வகை (மாறுமின்னோட்டக் கசிவை மட்டும் உணர்வது, குளிர்சாதன ஏசி அல்ல) ஆர்சிசிபியா, ஏ வகையா என்று கேட்டவருக்கு: ஏ வகையே வாங்குங்கள். மின்னணுப் பொருட்களின் கசிவு ஒரு பக்கமாக வெட்டிய அலையாக இருக்கும், ஏசி வகை அதைச் சரியாக உணராது. கார் சார்ஜருக்கு அதுவும் போதாது. நேர்மின்னோட்டக் கசிவு 6 மில்லிஆம்பியரைத் தாண்டினால் துண்டிக்கும் அமைப்பு சார்ஜருக்குள் இருக்க வேண்டும், இல்லையென்றால் பி வகை வேண்டும்.

வெப்பமானியை ஒவ்வொரு எம்சிபிக்கும் காட்டிப் பார்த்தேன். எல்லாம் 40 பாகைக்குப் பக்கத்தில். ஒன்று மட்டும் 71. மெயினை அணைத்து வயரை உருவினால், திருகு செம்பைக் கவ்வாமல் பிவிசி உறையைக் கவ்வியிருந்தது. உறையில் திருகின் தடம் அச்சாகப் பதிந்திருந்தது, செம்பு ஓரத்தில் மட்டும் உரசிக்கொண்டு இருந்தது. ஜூன் 6ஆம் தேதி பார்த்த கருகிய பித்தளையின் முதல் நாள் இப்படித்தான் இருந்திருக்கும். உறையை இன்னும் 4 மில்லிமீட்டர் சீவி, மறுபடி இறுக்கினோம். இப்போது 39.

2 ஆகஸ்ட்

கார் நேற்று வந்தது. இரவு 12 மணிக்கு ஏற்ற ஆரம்பித்து, மூன்றாவது முனையைக் கவனித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். 31.6 ஆம்பியர். வேறு எதுவும் விழவில்லை.

போர்டின் கதவுக்குள் ஒரு பட்டியலை ஒட்டியிருக்கிறேன். எந்த எம்சிபி, எந்த அறை, எந்த முனை, வயரின் அளவு, மெகர் அளவு, தேதி. கரையான் தொடாத பிளாஸ்டிக் தாளில். மாதம் ஒரு முறை ஆர்சிசிபியின் சோதனைப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. அந்தப் பொத்தான் சுவிட்ச் விழுகிறதா என்று மட்டும்தான் சொல்லும், எர்த் இருக்கிறதா என்று சொல்லாது. எர்த்துக்கு வேறு தேதி எழுதியிருக்கிறேன்.

அம்மா திரும்பி வந்துவிட்டார். அவர் அறையின் எண் 7. 16 ஆம்பியர், 2.5 சதுர மில்லிமீட்டர். மெகர் அளவு என்ற கட்டத்தில் "200 மெகாஓமுக்கு மேல்" என்று எழுதியிருக்கிறேன். கருவி அதற்கு மேல் காட்டாது.